பாலைவனத்தில் பனி, நம் வாசலில் கடல்

 

நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார் நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

ஸஹ்ரா லாரி. இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? அபூதாபியில் பிறந்த ஒரு முஸ்லிம் பெண். பனித்தரையில் சறுக்கி ஆடும் பிகர் ஸ்கேட்டிங் விளையாட்டில் ஐந்து முறை தன் நாட்டின் சாம்பியன்.

தாரா பிரசாத். இந்தப் பெயர்? சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். அதே விளையாட்டில் இந்தியாவின் தேசிய சாம்பியன்.

ஒருவர் பாலைவனத்துப் பிள்ளை. மற்றவர் வெயில் கொளுத்தும் சென்னையின் வழிவந்த பிள்ளை. இருவரும் எடுத்த விளையாட்டு பனிக்கட்டியில் ஆடுவது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். 60 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம் கொண்ட பனித்தளம். சப்பாத்தின் அடியில் மெல்லிய இரும்புத் தகடு. அந்தத் தகட்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் நின்று எழும்புகிறாய், எந்த விளிம்பில் வந்து இறங்குகிறாய் என்பதைப் பார்த்துத்தான் நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். எழும்பி, காற்றில் இரண்டு மூன்று தரம் சுழன்று, ஒற்றைக் காலில், அதுவும் பின்பக்கமாகச் சறுக்கியபடி இறங்க வேண்டும். காற்றில் நிற்கும் நேரம் ஒரு செக்கனுக்கும் குறைவு. விழுந்தால் புள்ளி வெட்டு.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுழலும்போது கைகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டால் வேகம் கூடும், விரித்தால் குறையும். உயர்தரத்தில் கோண உந்தக் காப்பு என்று படிக்கிறோமே, அதுதான். கரும்பலகையில் அரை மணித்தியாலம் விளக்கியும் ஏறாதது, ஒரு ஸ்கேட்டிங் வீடியோவை இரண்டு நிமிடம் காட்டினால் ஏறிவிடும். பெளதிகவியல் படிப்பிக்கும் நண்பர்கள் முயற்சித்துப் பாருங்கள்.

இனி ஸஹ்ராவின் கதை.

1995இல் பிறந்தவர். வாப்பா எமிராத்தி, உம்மா அமெரிக்கர். பதினொன்று பன்னிரண்டு வயதில் 'ஐஸ் பிரின்சஸ்' என்ற டிஸ்னி படத்தைப் பார்த்துவிட்டு நானும் இப்படி ஆட வேண்டும் என்று அடம் பிடித்தார். இந்த விளையாட்டில் அது மிகவும் பிந்திய வயது. பெரிய நாடுகளில் நாலைந்து வயதில் தொடங்கிவிடுவார்கள். அபூதாபியின் ஸாயித் ஸ்போர்ட்ஸ் சிட்டியில் ஒரு பனித்தளம் இருந்தது. ஸுபஹு நேரத்தை ஒட்டிப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு, பிறகு படிக்கப் போவார். பின்னேரம் மறுபடியும் பயிற்சி. வருடக்கணக்காக இதே ஒழுங்கு. படிப்பையும் விடவில்லை, பல்கலைக்கழகமும் முடித்தார்.

வாப்பா ஆரம்பத்தில் என்ன சொன்னார் தெரியுமா? ஆடு, ஆனால் போட்டிக்குப் போகாதே என்றார். ஆட்கள் முன்னால் பெண் பிள்ளை ஆடுவது நம் வழக்கத்தில் இல்லையே என்ற யோசனை. நம் ஊர் வாப்பாமாருக்கு இது புதிதாக இருக்காது. நம் வீட்டிலும் இதே வசனம்தான்.

பிறகு ஒரு நாள் கூட்டாளிமார் ஆடும் போட்டியைப் பார்க்க மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார். மகள் எழும்பி நின்று மற்றப் பிள்ளைகளுக்காகக் கைதட்டி உற்சாகம் கொடுப்பதைப் பார்க்கிறார். பார்த்த வாப்பாவுக்கு மனம் மாறிவிட்டது. நீயும் போட்டிக்குப் போ என்று சொல்லிவிட்டார். ஸஹ்ரா பல பேட்டிகளில் சொன்ன கதை இது.

இதில் நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. மகள் வீட்டை எதிர்த்து வெளியேறவில்லை. வாப்பாவும் மார்க்கத்தை விட்டுவிடவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், யோசித்தார், முடிவை மாற்றினார், உடையைப் பேணிக்கொண்டு பிள்ளையை அனுப்பினார். ஸஹ்ரா தலையை மூடி, உடலை மூடி, முழுக்கை உடையோடுதான் ஆடினார்.

2012இல் இத்தாலியின் கனாசெய் என்ற ஊரில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி. வளைகுடா நாடுகளிலிருந்து சர்வதேசப் பிகர் ஸ்கேட்டிங் போட்டியொன்றில் முதன்முதலாக ஆடியவர் இவர். ஹிஜாபோடு அப்படி ஆடிய முதல் பெண்ணும் இவரே. அங்கே தலையில் போட்ட துணிக்காக அவருக்குப் புள்ளி வெட்டப்பட்டது. நடுவர்கள் அதுவரை அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லை. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை.

அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. துணியைக் கழற்றுவது ஒன்று. விளையாட்டை விடுவது மற்றது. ஸஹ்ரா இரண்டையும் செய்யவில்லை. சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனத்துக்குத் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொன்னார். அதன் பிறகு ஹிஜாபுக்காகப் புள்ளி வெட்டும் வழக்கம் இல்லாமல் போனது. இன்று ஏதோ ஒரு நாட்டில் ஒரு சின்னப் பிள்ளை தலையை மூடிக்கொண்டு பனியில் இறங்கினால், அவளுடைய புள்ளியில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இது ஸ்கேட்டிங்கில் மட்டும் நடந்த மாற்றமும் அல்ல. கால்பந்தில் தலைமறைப்புக்கு இருந்த தடை 2014இல் நீங்கியது. கூடைப்பந்தில் 2017இல் நீங்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இப்திஹாஜ் முஹம்மத் என்ற அமெரிக்கப் பெண் ஹிஜாபோடு வாள்வீச்சில் இறங்கி, குழுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் எடுத்தார். உலகம் சட்டத்தை மாற்றிவிட்டது. இன்னும் மாறாமல் இருப்பது நம் வீட்டு முற்றத்துச் சட்டம்தான்.

ஸஹ்ரா ஒலிம்பிக்குக்குப் போனாரா? இல்லை. 2017இல் ஜேர்மனியில் நடந்த தகுதிகாண் போட்டியில் ஆடினார், தகுதி கிடைக்கவில்லை. அப்படியென்றால் என்ன பெரிய சாம்பியன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாதை இல்லாத காட்டில் முதலில் நடப்பவனுக்குக் காலில் முள் குத்தும், வேகமாகப் போக முடியாது. பின்னால் வருகிறவனுக்குத்தான் அது பாதை. அவருடைய பதக்கத்தை அந்தப் பாதையில்தான் பார்க்க வேண்டும்.

தாரா பிரசாத்தின் கதை வேறு. அவருக்கு அமெரிக்காவில் பனித்தளமும் பயிற்றுநரும் இருந்தார்கள். ஆனாலும் பெற்றோரின் நாடான இந்தியாவுக்காக ஆடுவதைத் தெரிவு செய்தார். பனி என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் பார்க்கும் ஊரின் வழிவந்த பிள்ளை, 2025 பெப்ரவரியில் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் எட்டாவது இடம் எடுத்தார். தங்கம் எடுத்தவர் தென்கொரியாவின் கிம் சேயோன். ஜப்பான், கொரியா, சீனா என்று இந்த விளையாட்டிலே ஊறிய நாடுகளின் பிள்ளைகள் ஆடும் களத்தில் எட்டாவது இடம் என்பது சும்மா வருவதில்லை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. இந்தியாவின் டேராடூனில் சர்வதேசத் தரத்தில் ஓர் உள்ளரங்கப் பனித்தளம் கட்டினார்கள். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. போட்டி முடிந்தது, கதவு மூடப்பட்டது. பல வருடம் பாழாய்க் கிடந்து 2025இல்தான் மீண்டும் திறந்தார்கள். இடையில் வளர்ந்த ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கதவைத் திறந்து பார்க்கவே இல்லை. கட்டடம் எழுப்புவது ஒரு நாள் விழா. அதைப் பிள்ளைகளுக்காக நாள்தோறும் திறந்து வைப்பதுதான் வேலை. பெயர்ப்பலகை திரைநீக்கத்தோடு முடிந்துபோன கட்டடங்களை நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சாம்பியன் ஆக்குகிறேன் என்று பிள்ளையைப் பிழிந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யாவின் கமிலா வலியேவா 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு வந்தபோது வயது 15. உலகமே அவருக்குத்தான் தங்கம் என்று சொன்னது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, முந்திய டிசம்பரில் எடுத்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட இருதய மருந்து இருந்தது வெளியே வந்தது. கடைசி ஆட்டத்தில் அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப விழுந்ததை உலகம் பார்த்தது. பிறகு நான்கு வருடத் தடை. அந்த விவகாரத்துக்குப் பின் 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் பெரியோர் போட்டிகளுக்கான ஆகக் குறைந்த வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்கியது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 15 வயதில் குழுத் தங்கம் எடுத்த யூலியா லிப்னித்ஸ்காயா, உணவு வெறுப்பு நோயால் அவதிப்பட்டு 19 வயதில் விளையாட்டையே விட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் அலிசா லியூ. 13 வயதில், 2019இல், அமெரிக்கச் சாம்பியன். அந்த நாட்டின் வரலாற்றில் அந்த வயதில் யாரும் அந்தப் பட்டத்தை எடுத்ததில்லை. 16 வயதில் போதும் என்று விட்டுவிட்டுப் போனார். இரண்டு வருடம் சாதாரணப் பிள்ளையாக இருந்தார், படித்தார், ஊர் சுற்றினார். பிறகு தானாகவே ஆசைப்பட்டுத் திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் பொஸ்டனில் உலகச் சாம்பியன். மற்றவர்கள் தள்ளி ஆடிய ஆட்டத்துக்கும் தானாக விரும்பி ஆடிய ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அவர் முகத்திலேயே தெரியும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஐந்து ரியூஷனுக்கு அனுப்பும் நமக்கு இந்தக் கதைகள் விளங்கும். ஒன்று, பிள்ளையை வெளியே விடமாட்டோம். அல்லது, பிள்ளையின் முதுகில் நம் ஆசையை ஏற்றிவிட்டு ஓடு ஓடு என்போம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. ஸஹ்ராவின் வாப்பா நின்ற இடம் அது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

தரம் 6, 7 படிக்கும் பெண் பிள்ளைகள் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் பறப்பார்கள். ஓட்டம், நீளம் பாய்தல், அஞ்சல் ஓட்டம், எதற்கும் கை தூக்குவார்கள். தரம் 9 வந்தால் அந்தக் கைகள் இறங்கிவிடும். "உம்மா வேணாம்னு சொன்னா சேர்", "வாப்பா ஏசுவாங்க டீச்சர்". சில பிள்ளைகள் காரணமே சொல்வதில்லை, தலையைக் குனிந்துகொள்வார்கள். நன்றாக ஓடிய பிள்ளை மைதானத்தின் ஓரத்தில் மற்றவர்களின் சப்பாத்தைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும். இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

பெற்றோரின் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் பெண் பிள்ளையைப் பெற்றவன். கவலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

உடை. இதற்குப் பதில் மேலேயே இருக்கிறது. முழுக்கை, முழுக்கால், தலைமறைப்போடு உலக அரங்கில் ஆடுகிறார்கள். நம் ஊர் தையல்கார ராத்தாமாருக்கு இப்படி ஒரு விளையாட்டு உடுப்புத் தைப்பது பெரிய வேலையா?

அந்நிய ஆண்கள். நியாயமான கவலை. பெண் பயிற்றுநர், பெண் பொறுப்பாசிரியை, மறைப்புள்ள மைதானம், வெளியாட்கள் வராத நேரம். இவற்றைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கேட்காமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது இலேசான வழி, அவ்வளவுதான்.

மார்க்கம். நான் மௌலவி இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஜும்ஆ மேடையில் நம் உலமாக்கள் இதை எடுத்துப் பேசினால், நான் எழுதும் பத்துப் பதிவைவிட அது வேலை செய்யும்.

படிப்பு. காலையில் ஒரு மணித்தியாலம் ஓடுகிற பிள்ளை படிப்பில் குறைந்ததை நான் வகுப்பறையில் கண்டதில்லை. இராத்திரி பன்னிரண்டு மணி வரை கைபேசி பார்க்கிற பிள்ளை குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

கறுத்துப்போவாள், மாப்பிள்ளை கிடைக்காது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்பவர்களே கொஞ்சம் யோசித்துக்கொள்ளட்டும்.

இப்போது இந்தப் பதிவின் முக்கியமான இடம்.

பாலைவனத்துக்காரர்கள் பனியைச் செயற்கையாக உண்டாக்கித் தங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கொடுத்தார்கள். நமக்கு அல்லாஹ் வாசலிலேயே கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். உலகமே பேசும் இயற்கைத் துறைமுகம். கொட்டியாரக் குடா ஒரு பக்கம், தம்பலகாமக் குடா ஒரு பக்கம். 396 மீற்றர் பாலம் 2009இல் திறக்கும் வரை கிண்ணியாவிலிருந்து டவுனுக்குப் போக நமக்குப் பாதைப் படகுதான் கதி. இப்படித் தண்ணீரால் சூழ்ந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

ஒரு நாள் வகுப்பில் கேட்டேன். பையன்களின் கைகள் படபடவென்று எழும்பின. பெண் பிள்ளைகளின் பக்கம் ஒரு கை மட்டும் எழும்பி, சுற்றிப் பார்த்துவிட்டு அதுவும் இறங்கிவிட்டது.

2021 நவம்பர் 23ஆம் திகதியை இந்த மண் மறக்காது. குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனங்கள் படகுப் பாதையில் போய்வந்த காலம். காலை நேரம், பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். படகு கவிழ்ந்தது. அன்று நம் வீடுகளில் எழும்பிய ஓலம் இன்னும் காதில் இருக்கிறது. யாரைக் குறை சொல்வது என்று அப்போது நிறையப் பேசினோம். பாதுகாப்பில்லாத படகு, பிந்திய பாலம், எல்லாம் உண்மை. நீச்சல் தெரிந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பெற்றோரின் மனதை நோகடிக்கவும் மாட்டேன். நான் கேட்பது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி. அதற்குப் பிறகு நாம் நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினோமா?

நீச்சலில் நமக்குப் பரம்பரை இல்லாமலும் இல்லை. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தியவர். 2024 மார்ச்சில் நம் திருகோணமலையின் 13 வயது மாணவன் ஒருவன் அதே நீரிணையை நீந்திக் கடந்தான். இனம் மதம் பாராமல் முழு மாவட்டமும் அந்தப் பிள்ளைக்காகச் சந்தோசப்பட்டோம். நம்மில் ஒருவரின் பிள்ளை, நாம் தினமும் பார்க்கிற கடல். வேறென்ன வேண்டும்?

அதனால் என் பக்கத்திலிருந்து நாலு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே நீச்சல் பழக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஊருக்குள்ளே நீந்தத் தெரிந்த பெண்களைத் தேடி முறையாகப் பயிற்றுவித்து எடுக்கலாம். அலை குறைந்த இடம், ஸுபஹுக்குப் பிந்திய ஒரு மணித்தியாலம், பாதுகாப்புக்கு ஆள், சுற்றிவர மறைப்பு. கோடிக்கணக்கில் செலவு வராது. பள்ளிவாசல் நிர்வாகமும் விளையாட்டுக் கழகங்களும் கூடி உட்கார்ந்தால் முடியும்.

இரண்டு. கழகங்களே, உங்கள் பெயர்ப்பலகையில் விளையாட்டுக் கழகம் என்றுதான் இருக்கிறது, ஆண்கள் கழகம் என்று இல்லை. வருடத்தில் ஒரு சுற்றுப்போட்டியின் செலவில் ஒரு பங்கைப் பெண் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் உடுப்புக்கும் ஒதுக்குங்கள்.

மூன்று. அதிபர்மாரே, வலயத்துக்கும் மாகாணத்துக்கும் தெரிவாகும் பெண் பிள்ளையோடு ஒரு பெண் ஆசிரியையை அனுப்பும் ஒழுங்கை உறுதியாகச் செய்து, அதைப் பெற்றோரைக் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். பாதிப் பெற்றோர் மறுப்பது விளையாட்டை அல்ல, "யாரோடு போறா, எப்ப வருவா" என்று தெரியாத பயணத்தைத்தான்.

நான்கு. வாப்பாமாரே. ஒரே ஒரு தரம் மகள் ஓடுவதைப் போய்ப் பாருங்கள். மைதானத்து மதிலுக்கு வெளியே நின்று என்றாலும் பாருங்கள். முடிவு கோட்டைத் தாண்டும்போது அவளுடைய முகத்தைப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதைத்தான் கேட்கிறேன்.

நம் பிள்ளைகள் எல்லோரும் சாம்பியன் ஆக மாட்டார்கள். ஆகவும் தேவையில்லை. தாராவைப் போல ஆசிய அரங்கில் நிற்கும் பிள்ளை ஆயிரத்தில் ஒன்று. ஆனால் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறும் பெண், முப்பது வயதில் சீனியும் பிரஷரும் வராத உம்மா, தண்ணீரில் விழுந்தால் தானும் கரையேறித் தன் பிள்ளையையும் கரையேற்றும் உம்மா, இது நம் வீடு ஒவ்வொன்றிலும் இருக்கலாம்.

கருத்தில் எழுதுங்கள். மறுப்பு இருந்தாலும் மரியாதையாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கத் தெரிந்த சகோதரிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து உள்பெட்டியில் தொடர்புகொள்ளுங்கள். பேச்சோடு நிற்காமல், அடுத்த பாடசாலை விடுமுறைக்கு முன்பு முதல் கூட்டத்தையாவது கூட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.